தில்லியின் சலூனுக்கு எந்த பல்பு?

உங்களை அழகாக்குவது முடிவெட்டுகிறவரா, அவர் கடை பல்பா? சிரிக்காதீர்கள். வியாழக்கிழமை மதியம் இதைத் தெரிந்துகொள்ள இருபத்தெட்டு கிலோமீட்டர் பைக் ஓட்டினேன்.

என் நண்பன் தில்லி நாலு வருடம் அடுத்தவர் கடையில் கத்தரி பிடித்தவன். வெள்ளி காலை பட்டாபிராமில் சொந்த சலூன் திறக்கிறான். நாற்காலி, கண்ணாடி எல்லாம் வந்தாயிற்று. எந்த லைட் என்பது மட்டும் முடிவாகவில்லை. எலக்ட்ரீஷியன் ஆறு மணி வரைதான் இருப்பார். நாலு கடை பார்த்துவிட்டு வரலாம் என்றேன். இரண்டுதான் முடிந்தது.

2.10. இருநூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டுக் கிளம்பினோம்.

2.30, ஆவடி. ஐந்து கிலோமீட்டர். மார்க்கெட் பக்கம் ஒரு பழைய சலூன். எழுபது ரூபாய் ஷேவிங்குக்கு நான் உட்கார்ந்தேன். கூரை முழுக்க வெள்ளை டியூப்லைட், மருந்துக்கடை வெளிச்சம். யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்து அதிர்ந்தார்.

"இன்னாப்பா, இவ்ளோ கொட்டிடுச்சா?"

"லைட்டு மேலேர்ந்து அடிக்குது சார், அதான் அப்டித் தெரியுது."

மனிதர் நம்பவில்லை. காசைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

"மாமே, இந்த லைட்ல எனக்கே வயசாயிடுச்சு," என்றான் தில்லி.

3.40, பூந்தமல்லி. இன்னும் பத்து கிலோமீட்டர். புதுக் கடை, ஏசி, எங்கு திரும்பினாலும் மஞ்சள் வெளிச்சம். இங்கே எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நூறு ரூபாய்க்கு தாடி ட்ரிம் செய்ய உட்கார்ந்த தில்லி, முந்நூறு ரூபாய் ஃபேஷியலுக்கும் தலையாட்டினான். முடிந்ததும் நாலு செல்ஃபி.

"மச்சான், சூப்பரா கீறேன்ல?"

வெளியே வெயில். பைக் கண்ணாடியில் பார்த்தவன் அப்படியே நின்றான். இடது கிருதா ஒரு விரல் மேலே, வலது கீழே. விடிந்தால் கடை திறப்பு, முதலாளி மூஞ்சியே கோணல்! திரும்ப உள்ளே ஓடினான்.

"சமமாத்தானே கீது அண்ணாத்தே!" என்றார் வெட்டியவர்.

"நான் உன் கடைக்குள்ளயேவா குடும்பம் நடத்தப் போறேன்? வெளிய வந்து பாரு!"

வந்தார், பார்த்தார், உள்ளே போய்க் கத்தரியை எடுத்து வந்தார். நடைபாதையிலேயே நிற்க வைத்துச் சரிசெய்து கொடுத்தார்.

5.20, பட்டாபிராம். எலக்ட்ரீஷியன் கூரையில் ஒயரெல்லாம் இழுத்து முடித்திருந்தார்.

"எல்லாத்தையும் அவுத்துடுண்ணே," என்றான் தில்லி.

"விளையாடுறியா நைனா?"

"மேலேர்ந்து அடிச்சா சொட்டை தெரியும். மஞ்சள்ல என் தப்பு எனக்கே தெரியாது. கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை போடு. வெயிட் பண்ற பெஞ்சுக்கு மட்டும் மஞ்சள்."

"பெஞ்சுக்கு எதுக்குடா?" என்றேன்.

"காத்துகினு கீறவன் கோச்சுக்காம ஒக்காரணும்ல?"

திட்டிக்கொண்டே ஏணியில் ஏறினார் எலக்ட்ரீஷியன். ஆறு மணிக்குப் போக வேண்டியவர் ஏழுக்குத்தான் முடித்தார்.

இப்போது வெள்ளி காலை 10.40. பூஜை முடிந்தது, முதல் ஆள் வந்துவிட்டார். கரண்ட் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாசலில் போட்டு வெட்டிக்கொண்டிருக்கிறான்.