எல்லாரையும்

எழுபதுகளின் கடைசியில், எழுமலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களுக்கு பைபிள் கதை சொல்ல ஒரு டீச்சர் வருவார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, வெயிலோ மழையோ இல்லாத நாளிலும் கையில் ஒரு குடை. "இயேசு எல்லாரையும் ஒண்ணுபோல நேசிக்கிறாரு" என்பார். 'எல்லாரையும்' என்று சொன்னதும் நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்து முடித்த பிறகுதான் அடுத்த சொல்லுக்குப் போவார். நான் மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை. பாட்டுக்காகத்தான் போனேன்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் என்னைச் சேர்க்கலாமா என்று கேட்க ஒருநாள் வீட்டுக்கே வந்தார். "தாராளமா வரட்டும் டீச்சர்" என்று அம்மா சிரித்த முகமாகத்தான் சொன்னாள். ஆனால் மோர், காட்டு வேலைக்கு வரும் காலனி ஆட்களுக்கென்று தனியாக வைத்திருந்த அலுமினிய டம்ளரில் வந்தது. டீச்சரும் அந்தக் காலனியில் பிறந்தவர்தான். குடித்துவிட்டு, தானே கழுவி வாசலில் கவிழ்த்து வைத்தார்.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். "எங்கம்மாவையும் இயேசு நேசிக்கிறாரா டீச்சர்?" என்று கேட்டேன்.

குடையை விரித்தார், மடக்கினார். "அவரு நேசிக்கிறாரு பாப்பா. எனக்குத்தான் அது அம்புட்டு லேசா வரமாட்டேங்குது."

கோபமா வருத்தமா, குரலில் தெரியவில்லை. மறுவாரம் 'எல்லாரையும்' என்றதும் எங்கள் முகங்களைப் பார்த்து முடித்தார். அப்புறம் ஆளில்லாத வாசலையும் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த சொல் வர வெகுநேரம் ஆனது. அங்கே அவர் பார்த்தது எங்கம்மாவையா, தன்னையேவா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.