மாமோகிராம் வேனுக்கு ஆள் கொண்டுவந்த பேச்சியம்மாள்

1. வேனுக்குள் ஏற ஆளில்லை

எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாமோகிராம் வேன் வந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. புது வண்டி வாங்கிய வீட்டுக்காரி மாதிரி வேலைக்கு நடுவில் கீழே இறங்கிப் போய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் நான் டெக்னீசியன். கை முறிவு, கால் முறிவு, நெஞ்சுப் படம் என்றே என் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. பிறகு மதுரைக்கு மாமோகிராம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் காத்திருந்தது. சில வருடங்கள் கழித்து, ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பதற்கென்றே மெஷின் பொருத்திய இந்த வேனை வாங்கினார்கள்.

முதல் கேம்ப் வ. புதுப்பட்டியில், ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில். காலையிலேயே போய் ஜெனரேட்டரைப் போட்டு, ஏ.சி.யைப் போட்டு, மெஷினைச் சூடேற்றி, பேன்டம் என்கிற சோதனைக் கட்டியை வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். அதற்குள் பதித்திருக்கும் புள்ளிகளும் நார்களும் அழகாகத் தெரிந்தன. எல்லாம் தயார். ஆள்தான் இல்லை.

ஆள் இல்லை என்று சொல்லவும் முடியாது. மண்டபத்து நிழலில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். யாரும் படியேறவில்லை. நான் இறங்கிப் போய்க் கூப்பிட்டால் ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். மெஷினில் வைத்து நசுக்குவார்கள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். கட்டி இருப்பவர்கள்தான் எடுக்க வேண்டும், சும்மா இருப்பவர்கள் எடுத்தால் இல்லாததெல்லாம் வரும் என்றும் ஒரு பேச்சு.

அந்த நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண். காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, கறுத்து உறுதியான தேகம். கூட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"என்னக்கா இது, ரேசன் கடை மாதிரி நிக்காக? உள்ள என்ன இருக்கு?"

அவர்தான் பேச்சியம்மாள். கிருஷ்ணன்கோவிலுக்கும் வ. புதுப்பட்டிக்கும் நடுவே ஆட்டோ ஓட்டுகிறவர். அந்தப் பாதையில் அவரைத் தெரியாத பெண்கள் கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சொல்வதை விடக் காட்டுவது நல்லது என்று அவரை உள்ளே கூட்டிப்போனேன். என் கையைத் தட்டின் மேல் வைத்து, பேடில் என்கிற பிளாஸ்டிக் தட்டை மேலிருந்து இறக்கி அழுத்திக் காட்டினேன். இப்படிப் பரப்பி அழுத்தினால்தான் உள்ளே இருப்பது ஒன்றன்மேல் ஒன்று மறைக்காமல் தெரியும், கதிரும் கொஞ்சம் போதும், சில விநாடியில் விட்டுவிடும் என்றேன். கைக்குத் தட்டுப்படாத அளவில் இருக்கும்போதே கண்டுபிடிப்பதற்குத்தான் இது, கட்டி வந்த பிறகு பார்ப்பதற்கு மட்டும் இல்லை என்றும் சொன்னேன். அவரும் தன் கையை வைத்துப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா இப்படிப் பயந்து சாகுதாக?"

வெளியே போனார். கூட்டத்தில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. முதலில் இரண்டு பேர் ஏறினார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டு இறங்கியதும் மற்றவர்கள் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். அதோடு பேச்சியம்மாள் விடவில்லை. ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய், தென்னந்தோப்பு வேலையில் இருந்தவர்கள், களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்று ஒரு வண்டி ஆளைக் கொண்டுவந்து இறக்கினார். அவர்கள் வெளியே வருவதற்குள் அடுத்த வண்டி. நானும் நர்ஸும் சாப்பாட்டை மறந்தோம். ஒவ்வொருவர் படமும் திரையில் விழ விழ எனக்கு உடம்பெல்லாம் ஒரு துடிப்பு. ஆஸ்பத்திரிக்கு வாழ்நாளில் வந்திருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கத்தக்க பெண்கள் அவர்கள்.

2. கடைசி ஆள்

வெயில் தாழ்ந்ததும் வரிசை தீர்ந்தது. டிரைவர் ஜெனரேட்டரை நிறுத்தட்டுமா என்று கேட்டார். கடைசியாகக் கொண்டுவந்தவர்களை ஏற்றிக்கொண்டு போகப் பேச்சியம்மாள் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரையே படமெடுக்க வைத்தவர் இன்னும் எடுக்கவில்லை.

கூப்பிட்டேன். தனக்கு ஒன்றும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறேன் என்றார். நான் விடவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நீ எடுக்காமப் போனா நாளைக்கு அவுகளே ஒன்னையக் கேப்பாக" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினார்.

படத்துக்கு முன்னால் வழக்கமான கேள்விகள் உண்டு. முதல் குழந்தை எந்த வயதில், மாதவிலக்கு நின்றதா, முன்பு மார்பகத்தில் ஏதாவது சிகிச்சை நடந்ததா, அம்மா, அக்கா தங்கை, பெரியம்மா சித்தி யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா. ஒருவருக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை டாக்டர் இதை வைத்துத்தான் எடைபோடுவார். மற்றதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்ன பேச்சியம்மாள், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று மட்டும் கொஞ்சம் அவசரமாகச் சொன்னதாக எனக்குப் பட்டது.

நான்கு படம் எடுத்தேன். வலது பக்கத்துப் படம் திரையில் வந்தபோது ஓர் இடத்தில் என் கண் நின்றது. உப்புத் துகளைச் சிதறவிட்டது போல மிக நுணுக்கமான வெள்ளைப் புள்ளிகள், ஒரே இடத்தில் கூட்டமாக.

படம் எடுப்பதுதான் என் வேலை. அதைப் படித்துச் சொல்வது டாக்டர் வேலை. இப்படிப்பட்ட புள்ளிகளில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் முகத்தை மாற்றிக்கொள்ளாமல், ரிப்போர்ட் வந்ததும் போன் வரும் என்று மற்றவர்களிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். அவர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

3. கிருஷ்ணன்கோவில் ஸ்டாப்பில்

எங்கள் ரேடியாலஜிஸ்ட் டாக்டர், அதிகம் பேசாத அம்மா. மறுநாள் கேம்ப் படங்களைப் பார்த்து வந்தவர் அந்தப் படத்தில் நிறுத்தி, பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார். "இவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க. அந்த இடத்தை மட்டும் பெரிசாக்கி மேக்னிஃபிகேஷன் படம் எடுக்கணும்" என்றார்.

போன் செய்தேன். முதல் முறை வருகிறேன் என்றார். வரவில்லை. அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்கு விடுமுறையான ஒரு நாளில் பஸ் ஏறிக் கிருஷ்ணன்கோவிலில் இறங்கினேன். காலேஜ் பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளைகளை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் ஆட்டோ அங்கேயே நின்றது. என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. நான் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் போனதும் அவராகவே சொன்னார். அவருடைய அம்மாவுக்கு மார்பில் புண் வந்து, துணியைச் சுற்றிக்கொண்டே வயல் வேலைக்குப் போயிருக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோன மாதத்திலேயே இறந்துவிட்டார். பெரியம்மாவுக்கும் அதே கதை. அதற்குப் பெயர் என்ன என்று அந்த வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனதுந்தானக்கா ரெண்டு பேரும் செத்தாக. எனக்கு வலியே இல்ல. வலி இல்லாதத எதுக்குத் தோண்டணும்?"

"அவுக கடைசியில போனாக பேச்சி. நீ முதல்லயே வந்திருக்க. வலி வாரதுக்கு முன்னால பாக்கத்தான் அம்புட்டுத் தூரம் வேனைக் கொண்டுட்டு வந்தோம். ஒண்ணுமில்லாமக் கூட இருக்கும். இருந்தா, இப்பப் பாத்தாத்தான் ஒனக்கு நல்லது."

அவர் ஆட்டோவைக் கிளப்பினார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருப்பினார். ஊருக்குள் நுழைந்து, கடந்து, ராஜபாளையம் ரோட்டில் ஏறியபோதுதான் எனக்குப் புரிந்தது. ஷேர் ஆட்டோவை எங்கள் ஆஸ்பத்திரி வாசல் வரை ஓட்டிவந்து நிறுத்திவிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல் இருந்தது. யூனிஃபார்ம் மாற்றாமல் சேலையோடேயே மெஷின் அறைக்குள் போய்ப் படம் எடுத்தேன்.

பெரிதாக்கிய படத்தில் புள்ளிகள் கோணல்மாணலாக, ஒரு குழாயின் போக்கில் ஓடின. மதுரையில் பயாப்ஸி நடந்தது. டி.சி.ஐ.எஸ். என்று ரிப்போர்ட் வந்தது. பால்குழாயின் சுவருக்குள்ளேயே அடங்கி, வெளியே பரவாமல் இருக்கும் ஆரம்பநிலைப் புற்றுநோய். டாக்டர் அவரையும் அவர் வீட்டுக்காரர் சுப்பையாவையும் உட்கார வைத்து, பக்கத்தில் இருக்கும் நல்ல திசு கொஞ்சத்தோடு சேர்த்து அந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும், மார்பகத்தை முழுவதும் எடுக்க வேண்டியதில்லை, பிறகு கதிர் வைக்க வேண்டும் என்றார். தேங்காய் லோடு ஏற்றும் சுப்பையா அதுவரை வாயைத் திறக்காதவர். "பொழைச்சுக்கிடுவாள்லம்மா?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். பிழைப்பார் என்றே எதிர்பார்க்கிறோம் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

4. கம்பி போட்ட காலை

கைக்குத் தட்டுப்படாததை சர்ஜன் எப்படி எடுப்பார்? அதற்கு ஒரு வழி உண்டு. மாமோகிராம் மெஷினில் வைத்தே ஊசி போட்டு, நுனியில் கொக்கி உள்ள முடி போன்ற கம்பியைப் புள்ளிகள் இருக்கும் இடத்தில் விட்டுவிடுவது. கம்பியைப் பிடித்துக்கொண்டே போய் சர்ஜன் அந்த இடத்தை எடுப்பார். பயிற்சியில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் அதுதான் முதல் தடவை. நடுவில் ஜன்னல் போல் திறப்பும் ஓரங்களில் எண்ணும் எழுத்தும் உள்ள பேடிலை அன்று காலைதான் உறையிலிருந்து பிரித்தேன்.

பேச்சியம்மாளை நாற்காலியில் உட்கார வைத்து, அந்தப் பேடிலை மார்பின் மேல் இறக்கி அழுத்திப் பிடித்தேன். முழு நினைவோடு, கம்பி போட்டு முடியும் வரை அசையக் கூடாது. "யக்கா, ஏதாச்சும் பேச்சுக் குடுங்க" என்றார். ஆட்டோவில் யார் யார் எங்கே ஏறுவார்கள் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தார். டாக்டர் கட்டத்தின் எண்ணையும் எழுத்தையும் பார்த்து ஊசியை இறக்கினார். படம் எடுத்தேன். நுனி புள்ளிகளின் நடுவே நின்றது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். 

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து திசு வந்ததும் ஓட்டமாக வாங்கிக்கொண்டு வந்து மெஷினில் வைத்தேன். எடுக்க வேண்டியது முழுவதும் வந்துவிட்டதா என்று இந்தப் படம்தான் சொல்லும். உள்ளே மயக்கத்தில் ஆள் படுத்திருக்க, சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். திரையில் புள்ளிகள் தெரிந்தன, எல்லாம் உள்ளேதான். ஆனால் கீழ் ஓரத்தில் ஒன்று விளிம்பை ஒட்டி இருந்தது. டாக்டர் போனில், "கீழ்ப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடுங்க" என்றார். அடுத்த துண்டு வந்தது. அதையும் படம் எடுத்தேன். வெறும் திசு, ஒரு புள்ளி இல்லை.

"முழுசா வந்துருச்சு. தையல் போடலாம்" என்று டாக்டர் போனில் சொன்னபோது நான் நர்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எத்தனையோ எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். எடுத்த படம் அங்கேயே, அந்த நிமிடமே ஒருவரைக் காப்பாற்றுவதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

5. புதிதாக வரும் டெக்னீசியன்களுக்கு

ஓரங்கள் சுத்தமாக இருப்பதாக லேப் ரிப்போர்ட்டும் சொன்னது. மதுரையில் கதிர் சிகிச்சை முடித்துப் பேச்சியம்மாள் மறுபடி ஆட்டோ ஓட்டினார். ஆனால் வேறொரு வேலை பாக்கி இருந்தது. அம்மா, பெரியம்மா, இப்போது இவர் என்றால், அந்தக் குடும்பத்துப் பெண்கள் மற்றவர்களை விடச் சீக்கிரமே பார்த்துக்கொள்ளத் தொடங்க வேண்டும், மரபணுச் சோதனை பற்றியும் பேச வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச்சியம்மாள் தன் இரண்டு தங்கைகளையும், கல்யாணமான மகளையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி வந்தார். காத்திருக்கும் அறையில், அத்தனை பேருக்கும் கேட்கும்படி, தன் அம்மா எதனால் செத்தார் என்று மகளுக்குச் சொன்னார். நோயின் பெயரைச் சொல்லியே சொன்னார். தங்கைகளில் ஒருத்தி அழுதாள். பிறகு மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். தங்கைகள் இருவர் படமும் சுத்தம். மகளுக்கு வயது குறைவு என்பதால், படம் எடுக்க எப்போது தொடங்குவது என்று டாக்டர் திட்டம் போட்டுக் கொடுத்தார்.

புதிதாக வரும் பிள்ளைகள் ஆளை எப்படி நிறுத்துவது என்று என்னிடம் பொசிஷனிங் கேட்பார்கள், எவ்வளவு அழுத்துவது என்று கம்ப்ரஷன் கேட்பார்கள். அதெல்லாம் கற்றுக்கொள்ளலாம். நான் இந்த வேலையில் கற்றது ஒன்றைச் சொல்கிறேன். வரிசையில் நிற்பவரை மட்டும் பார்க்காதீர்கள். அவரைக் கூட்டிவந்தவரையும் பாருங்கள்.

போன கேம்ப் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம் நடந்தது. ஒரு பெண் தன் நாத்தனாரை உள்ளே அனுப்பிவிட்டு, அவருடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு வேன் படியருகே நின்றார். ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். நீங்கள் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"நான் சும்மா தொணைக்கு வந்தேன் சிஸ்டர்."

"செத்த நேரந்தான் ஆகும். ஏறி வாங்க."

அவர் ஒரு கணம் தயங்கினார். பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, தன் செருப்பையும் கழற்றிவிட்டு ஏறினார்.