பெரிய வெள்ளியில் தலைப்பாகை

ஆம்பூருக்கு வெளியே சின்னதாய் ஒரு மாதாகோயில். தோல் பதனிடும் தொட்டிகளில் ஊறும் ஆவாரம்பட்டையின் வாடை உள்ளே வரைக்கும் வருகிறது. பெரிய வெள்ளி ஆராதனை இப்போதுதான் முடிந்திருக்கிறது. ஆண்கள் அத்தனை பேரும் வெறுந்தலையோடு வெளியே வந்து, வாசல் குவியலில் தங்கள் செருப்பைத் தேடுகிறார்கள்.

வெள்ளைக்காரப் பாதிரியார் தொப்பியைக் கையில் பிடித்தபடி, பூட்ஸ் சத்தத்தோடு என்னிடம் வருகிறார்.

"தேவாலயத்தில் தலைப்பாகை கூடாதென்று ஒரு வருஷமாகச் சொல்கிறேன். இன்றைக்குத்தான் கீழ்ப்படிந்தார்கள்!"

முகமெல்லாம் மலர்ச்சி. எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. தலைப்பாகைத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகும் தோல் தொழிலாளி ஒருவரை நிறுத்திக் கேட்கிறேன்.

"பாதிரி ஐயர் சொன்னாருன்னுதானா தலப்பாவ எடுத்தீங்க?"

"அதுக்கில்லீங்க. சாவு வூட்ல எவனாச்சும் தலப்பா கட்டுவானா?"

கோயிலைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்.

"ஞாயித்துக்கெழம ஆண்டவரு எழுந்துடுவாரு. நாங்களும் கட்டிக்குவோம்."