எச்சில் தொட்டு இறுக்கிய முடிச்சு

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகன் ஒரு தூண்டில் வாங்கி வந்தார். மூங்கில் கழி இல்லை. மடக்கினால் குடை அளவுக்குச் சுருங்கிவிடுகிற, சக்கரம் வைத்த சாமான். முக்கொம்பில் மீன் பிடிக்கப் போகிறாராம். கூடத்தில் உட்கார்ந்து, செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, முள்ளில் நரம்பைக் கட்டப் பழகிக்கொண்டிருந்தார். எத்தனையோ வகை முடிச்சு இருக்கிறது, அவரவர் விருப்பப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று வீடியோக்காரர் சிரித்த முகமாகச் சொன்னார்.

விருப்பப்படி! எனக்கு மூக்கு நுனி வேர்த்துவிட்டது. கோபம் வந்தால் முதலில் அங்கேதான் வேர்க்கும். தொலைபேசி ஆபீசில் வேலை பார்த்த காலத்தில், என் மூக்கைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் என்னிடம் பேச்சுக் கொடுப்பார்கள்.

"அத்தே, நீங்க சொல்லுங்க, எந்த முடிச்சு நல்லது?" என்று மருமகன் நரம்பை நீட்டினார். புதிதாகப் பிரித்த நைலான் நரம்புக்கு ஒரு வாசனை உண்டு, மெழுகுவத்தியை அணைத்த மாதிரி. அது மூக்கில் ஏறியதும் நான் திருச்சியில் இல்லை. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பெரியகுளத்துக் கரையில், பதினாலு வயசில் நின்றேன்.

அந்த வருஷம் அறுவடைக்குக் கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள் எங்கள் தெருக்காரர்கள். மிராசுதார் மறுத்தார். வெளியூரிலிருந்து ஆள் இறக்கி அறுத்தார். எங்கள் தெருவில் யாருக்கும் வேலை இல்லை. அவர் வயலில் இறங்கி நண்டு, நத்தை பொறுக்கக்கூட விடவில்லை. மிச்சம் இருந்தது பெரியகுளம் ஒன்றுதான். அதுவும் தன் பண்ணையைச் சேர்ந்தது என்றார்.

என் அக்கா வேம்புக்கு அப்போது பதினெட்டு வயசு இருக்கும். கழி அவளுடையது, முடிச்சு என்னுடையது. அவள் விரல்கள் நடவிலும் களையிலும் தடித்துப்போனவை; நரம்பு அதில் பிடிபடாது. என் விரல்கள் ஒல்லி. பள்ளிக்கூடம் போன விரல்கள் என்று அப்பா கேலி செய்வார். கூத்தாநல்லூரில் ஒரு பாய் கடையில் சிங்கப்பூர் நரம்பு கிடைக்கும். நூலுக்குப் போடுகிற முடிச்சு அதில் நிற்காது, வழுக்கும். ஐந்தாறு சுற்றுச் சுற்றி, நுனியை அடிவளையத்துக்குள் கொடுத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்க வேண்டும். எச்சில் படாமல் இறுக்கினால் நரம்பு சூடாகி, அந்த இடத்திலேயே அறுந்துவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாலு முள்ளைத் தொலைத்துத் தெரிந்துகொண்டேன்.

முள்ளைத் தொலைக்க மீன் தேவையில்லை, காரியக்காரர் போதும். பண்ணைக்குக் கணக்கு வழக்குப் பார்த்த அவர் தினமும் கரையில் ஒரு நடை வருவார். இடுப்பில் வெற்றிலைக் கத்தி. கழியை உடைக்க மாட்டார். நரம்பை இழுத்து, முள்ளை மட்டும் அறுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். அந்த நிதானத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கடைசியில் மூன்று முள் மிஞ்சியது. அக்கா யோசித்து, "சுண்டுனா அவுர்ற மாதிரி போடுடி" என்றாள். போட்டேன். முள்ளின் தண்டில் இரண்டே சுற்று, நுனியை முழுதாக உருவாமல் காது மாதிரி விட்டுவிடுவது. காரியக்காரர் தலை தெரிந்ததும் அக்கா கழியைத் தூக்கி, காதைச் சுண்டி, முள்ளைக் கொண்டைக்குள் செருகிவிடுவாள். "என்னடி பண்ற?" என்பார். "சும்மா கழிய நனைக்கிறேங்க" என்பாள். அவர் போனதும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அப்படி ஒரு வாரம் ஓடியது. கெண்டை, கெளுத்திக்கு அந்த முடிச்சு தாங்கியது. ஒரு நாள் காலையில் ஒரு வரால் இரையை எடுத்தது. அரைக் கை நீளம். தண்ணீருக்கு மேலே அதன் தலையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நரம்பு தொய்ந்தது. முடிச்சு அவிழ்ந்து, முள்ளோடு வரால் போய்விட்டது. வீட்டில் அன்றைக்கு உலை வைக்க ஒன்றும் இல்லை. தம்பிக்கு வேறு காய்ச்சல்.

அக்கா என்னைத் திட்டவில்லை. மிச்சம் இருந்த இரண்டு முள்ளில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். பிறகு, "இனிமே அவுராத முடிச்சா போடு" என்றாள்.

"அவரு வந்தா?"

"வரட்டும்."

ஏழு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். பல்லால் நுனியைக் கடித்துத் துப்பினேன்.

மறுநாள் அவர் வந்தார். அக்கா கழியைத் தூக்கவில்லை. அவருக்கு அது புதிது. முகம் சிவந்து, நரம்பைப் பிடித்துக் கையில் சுற்றி ஒரே வெட்டாக இழுத்தார். தண்ணீரிலிருந்து கிளம்பிய முள் நேராக வந்து அவருடைய வலது கட்டைவிரல் மேட்டில் ஏறிவிட்டது. இழுக்க இழுக்க உள்ளே போனது.

"அவுத்து விடுடி!" என்று அலறினார்.

"அவுராதுங்க. வெட்டித்தான் ஆவணும். கத்தி ஒங்க இடுப்புலதானே இருக்கு" என்றாள் அக்கா.

அவர் இடது கையால் கத்தியை எடுத்து, தடவித் தடவி நரம்பை அறுத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

மதியமே போலீஸ் வந்தது. அக்காவையும் அப்பாவையும் கூட்டிப்போனார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். கூரிய ஆயுதத்தால் தாக்கியதாகப் புகாராம். ஆயுதம் மேசைமேல் ஒரு காகிதத்தில் கிடந்தது: மண்புழுவின் மிச்சம் ஒட்டிய என் தூண்டில் முள். அறுபட்ட நரம்பு அதில் தொங்கியது. முடிச்சு துளிகூட இளகவில்லை. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு அதைப் பென்சிலால் புரட்டிப் பார்த்து, "எவ போட்ட முடிச்சு இது?" என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றாள் அக்கா.

அவள் விரலைப் பார்த்த யாருக்கும் அது பொய் என்று தெரிந்திருக்கும். நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். மிராசுதார்மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அந்தத் தூணைப் பிடித்திருந்த பெண்மேலும் அவ்வளவு கோபம். இன்னும் ஆறவில்லை.

பொழுது சாய்கிற நேரம் தங்கராசு வந்தார். எங்கள் தெருக்காரர்தான், கரைவேட்டி, துண்டு, மேடையில் பேசினால் கூட்டம் கலையாது. உள்ளே போய் என்ன பேசினாரோ, இருவரையும் விட்டுவிட்டார்கள். "நம்ம ஆட்சி நடக்குது. எவனுக்கும் பயப்படாதே தங்கச்சி" என்று அக்காவிடம் சொன்னார். ஊர் நிலக் கணக்குப் பார்க்கிற ஜமாபந்திக்குத் தாசில்தார் வந்தபோது குளத்துக்காக மனு எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அக்கா கைநாட்டு வைத்து நேரில் நீட்டினாள். கணக்கைப் புரட்டினால், பெரியகுளம் பண்ணையுடையதே இல்லை. புறம்போக்கு. ஊருக்குப் பொது. உத்தரவு வந்த அன்று தெருவில் ஒரு வீடு விடாமல் மீன் குழம்பு. புளியும் மிளகாயும் கொதிக்கிற வாசனையில் என் தம்பி தெருவுக்கும் வீட்டுக்குமாக ஓடினான்.

அந்தக் குழம்பு வாசனை ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. பொதுக் குளம் என்றால் மீன் பிடிக்கிற உரிமையைப் பஞ்சாயத்து மீன்பாசி குத்தகைக்கு ஏலம் விடலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஏலம் எடுத்தவர் தங்கராசு. கரையில் இருந்த அரசமரத்தில் தகரப் பலகை அடித்தார்: இங்கு தூண்டில் போடக்கூடாது. அக்கா அதன் கீழேயே உட்கார்ந்து தூண்டில் போட்டாள்.

தங்கராசு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். காரியக்காரரைப் போல அதட்டவில்லை. "ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடலாம்ல தங்கச்சி?" என்றார்.

"யாரக் கேக்கணும்ணே?"

"என்னத்தான். குத்தகை எம்பேர்ல இருக்குல்ல?"

"மனுவுல என் கைநாட்டுல்ல இருக்கு?"

அவர் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்குக் காரியக்காரரின் கத்தியே மேல். மாசிக் கடைசியில் ஆயில் எஞ்சினைக் கொண்டுவந்து இரண்டு நாள் இரவும் பகலும் குளத்தை இறைத்தார். சேற்றில் துடித்த மீனையெல்லாம் கூடை கூடையாக லாரியில் ஏற்றினார்கள். கூலிக்கு மீன் அள்ளியவர்கள் எங்கள் தெருக்காரர்கள். அக்கா மட்டும் இறங்கவில்லை. கழியைக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தாள். காய்ந்த மூங்கில், நன்றாக எரிந்தது.

அதற்குப் பிறகு நான் படித்தேன், வேலைக்குப் போனேன். குளம் வருஷத்துக்கு வருஷம் ஓரத்திலிருந்து குறைந்தது. வாய்க்காலை அடைத்தார்கள், குப்பை கொட்டினார்கள், மண்ணடித்தார்கள். இப்போது அங்கே தங்கராசுவின் மகன் கட்டிய கல்யாண மண்டபம். அல்லி இல்லை, வரால் இல்லை, வெயிலுக்கு வந்து படுக்கிற எருமைகள் இல்லை, அந்தக் கரையே இல்லை. வருவாய்க் கணக்கில் மட்டும் இன்னும் குளம் என்றே இருக்கிறதாம்.

போன தை மாதம் சித்தப்பா பேத்தி கல்யாணம் அந்த மண்டபத்தில்தான் நடந்தது. அக்கா வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது அவளைக் கூப்பிடப் போனேன். வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"கழுத்து முட்டத் தண்ணி நின்ன எடம்டி அது. அதுல எப்பிடி எல போட்டு உக்கார்றீங்க?" என்றாள்.

நான் முதல் பந்தியிலேயே சாப்பிட்டு முடித்திருந்தேன்.