தம்பிக்கு வயிற்றுவலி என்று ஜெபித்தோம்

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, என் தம்பி செத்துவிடுவான் என்று பயந்து கிடந்த ஒரு மாதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். கேரளத்தில் குவாரி வேலை, வளைகுடாவில் சமையல், பிறகு லாரி. எந்த ஊரிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. கடந்த ஜூன் மழையில் அருமனைப் பக்கம் தம்பி வீட்டுக்கு வந்தேன். அவன் ரப்பர் பால் வெட்டுகிறவன். மழையில் வெட்டு நின்றிருந்தது. அவனுடைய பேச்சும் நின்றிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். சோறு வைத்தால் இரண்டு வாய். அவன் மனைவி குளிக்கப் போகும்போதுகூட என்னைக் காவல் வைத்துவிட்டுப் போவாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமைகளில் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். ஒவ்வொருவரும் ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது, "தம்பிக்கு வயிற்றுவலி" என்றேன். மனநோய் என்று சொன்னால் நாளைக்கு அவன் மகளுக்கு வரன் வராது. சாவு என்று வாயால் சொன்னால் நடந்துவிடும் என்ற பயமும் இருந்தது. அத்தனை பேரும் முழங்காலில் நின்று அவன் வயிற்றுக்காகக் கண்ணீர் விட்டார்கள். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா ஓமத்தண்ணீரோடு வந்தாள்.

"குடி மக்கா, வாயு எல்லாம் கலைஞ்சு போவும். எனக்க மாப்பிளைக்கு ஒரே ஏப்பத்துல சொகமாச்சு."

தம்பி குடித்தான். வேண்டாம் என்று சொல்லக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆலயத்தில் போய் உட்கார்ந்தேன். "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை." அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. பக்கத்து அறையில் ஸ்டெல்லா இருந்தாள். எங்கள் சபைப் பெண், ஒரு ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர். வேலைக்கு வந்த பிறகும் அவர்கள் புதிது புதிதாகப் படிக்க வேண்டுமாம். தோட்டத்து வீட்டில் சிக்னல் கிடைக்காததால் அங்கே வந்து ஆன்லைன் வகுப்பு கேட்பாள். பாடம் நடத்துகிறவரின் குரல் கதவு வழியாக வந்தது.

"சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. யாரும் கேட்காதபோதுதான் அவர் தனியாகிவிடுகிறார்."

எழுந்து கதவைத் தட்டினேன். உள்ளே போனேன்.

"தம்பிக்கு வயித்துல ஒண்ணும் இல்ல மோளே."

அவள் லேப்டாப்பை மூடினாள். "அவருட்ட கேட்டியளா அண்ணே?"

"எப்படி கேக்க?"

"இப்பம் அந்த சார் சொன்ன மாதிரியே கேளுங்க. நானும் வாறேன்."

தம்பியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "ஏலே, செத்துப் போலாம்னு தோணுதா?"

அவன் சுவரைப் பார்த்தபடியே, "தோணுது அண்ணே. தெனமும். நீ கேக்கவே மாட்டேன்னு நெனச்சேன்" என்றான்.

அன்று சாயங்காலமே ஸ்டெல்லா எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் மருந்து கொடுத்தார். சில வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அந்த நாட்களில் நான் விசுவாசத்தில் உறுதியாக இருந்தேன் என்று சொன்னால் அது பொய். இப்போது அவன் பால் வெட்டப் போகிறான். சில நாள் போகமாட்டான். அன்றைக்கு, "இன்னைக்கு மோசம் அண்ணே" என்று அவனே சொல்லிவிடுகிறான். நானும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை.

எங்கோ ஒருவர் நடத்திய பாடத்தை, படிப்பில்லாத என் காதில் விழவைத்த தேவனுக்கு நன்றி. உங்கள் வீட்டிலும் ஒருவர் பேசாமல் படுத்திருந்தால், ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு எழுந்துபோய் அவரிடம் கேளுங்கள். பிறகு கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கர்த்தர் உங்களோடு பஸ் ஏறுவார்.