எனெய்தா சொன்ன பதில்

மயாமியை ஒட்டிய ஹயலியாவில் எனெய்தா பரோசோவின் காபி ஜன்னலைத் தெரியாத கியூபாக்காரர் இல்லை. கடைக்குள் யாரும் போவதில்லை. தெருவோரம் நின்று ஜன்னலுக்குள் கையை நீட்டி, சர்க்கரை நுரை பொங்கும் கறுப்புக் காபியை வாங்கி, சின்னச் சின்னக் கோப்பைகளில் பங்குபோட்டுக் குடிப்பார்கள். குடித்துக்கொண்டே கடலுக்கு அந்தப் பக்கம் கியூபாத் தீவில் இருக்கும் கம்யூனிஸ்ட் அரசாங்கத்தைக் கவிழ்ப்பார்கள். முப்பது வருடமாகத் தினமும் கவிழ்க்கிறார்கள். அது பாட்டுக்கு அங்கேயே இருக்கிறது.

"தீவுக்கு ஒரு குண்டூசிகூடப் போகக் கூடாது" என்று வெளியிலிருந்து சத்தம் வந்தால், உள்ளிருந்து எனெய்தா, "கூடவே கூடாது" என்பாள். ஆரம்பத்தில் அதை மனசாரத்தான் சொன்னாள். அந்த அரசாங்கத்தின் ஆட்கள் அவள் அப்பாவின் துணிக்கடையை ஒரே காலையில் பூட்டி முத்திரை வைத்தார்கள். அந்த ஏக்கத்திலேயே மனிதர் போய்ச் சேர்ந்தார். அந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. ஆனால் கோபம் எப்போது பயமாக மாறியது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

தங்கை நெல்சா அங்கே கார்தெனாஸ் ஊரிலேயே தங்கிவிட்டாள். அவளுக்கு இதயக் கோளாறு. ஒருநாள் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, இங்க மருந்துக்கடையில மாத்திரையே இல்ல. ஏதோ இலைய வேகவச்சுக் குடிக்கச் சொல்றாங்க. படி ஏறினா மூச்சு நின்னுடும்போல இருக்கு."

"பதறாதடி. நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வது? தீவுக்குப் பார்சல் அனுப்பித்தரும் கடை ஒன்று இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதன் முகப்பை ஒரு விடியற்காலையில் யாரோ குண்டு வைத்துத் தகர்த்துவிட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினால் இப்படித்தான் ஆகும் என்று ஜன்னலில் பேசிக்கொண்டார்கள். எனெய்தாவும் தலையாட்டினாள். வைத்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தன் கையால் காபி வாங்கிக் குடிப்பவர்களில் ஒருவனாகக்கூட இருக்கலாம் என்ற நினைப்பு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் தானே போவதென்று துணிந்தாள். தாம்பா நகரத்தில் அத்தை மகளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கடையைப் பூட்டினாள். சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவதும் மருந்து கொண்டுபோவதும் சட்டப்படி குற்றமில்லைதான். சட்டத்துக்கு யார் பயந்தார்கள்?

கியூபாவுக்குப் போகும் ஹவானா விமானத்தில் பெட்டியைத்தான் எடை போடுவார்கள், ஆளைப் போடமாட்டார்கள். அதனால் போகிறவர்கள் எல்லோரும் துணிமணியை மேலேயே போட்டுக்கொண்டு போவார்கள். பாவாடைமேல் பாவாடை, தொப்பிமேல் தொப்பி. எனெய்தாவும் தொப்பியின் உள்மடிப்பில் மாத்திரை அட்டைகளைத் தைத்து, நெல்சாவுக்கான கவுன்களையெல்லாம் உடம்பில் ஏற்றிக்கொண்டு, திருப்பிப் போட்ட ஆமைபோல அசையமுடியாமல் வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற குண்டு மனிதர் திரும்பினார். மூன்று கோட்டு, இரண்டு தொப்பி, வியர்வை ஆறாக ஓடுகிறது. ஊரே 'டோன்' என்று மரியாதை கொடுக்கும் அபெலார்தோ!

கியூபாமேல் அமெரிக்கா போட்ட வணிகத் தடையை இன்னும் இறுக்கச் சொல்லி ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கும் அதே அபெலார்தோ. வானொலியில் தொண்டை கிழியக் கத்தும் அதே அபெலார்தோ. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒருத்தர வழியனுப்ப வந்தேன்" என்றார்.

"நானும்தான்" என்றாள்.

விமானத்தில் அவர் முன்கோடியில் உட்கார்ந்தார், இவள் பின்கோடியில்.

நெல்சாவுக்குக் கொஞ்ச மாதங்களுக்கு வரும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "தீர்றதுக்குள்ள திரும்ப வரேன்" என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்தாள் எனெய்தா.

வந்த கையோடு தேர்தல் வந்தது. ஹயலியாவில் ஓட்டுக் கேட்க வருகிறவர் யாரானாலும் அவள் ஜன்னலில் காபி குடித்தே ஆகவேண்டும். இந்தத் தடவை வந்த அமெரிக்கருக்கு ஸ்பானிஷ் நன்றாகவே வந்தது. அவர் கோப்பையை வைத்துவிட்டு ஜன்னலில் சாய்ந்து கேட்டார்.

"அம்மா, மனசில இருக்கறதச் சொல்லுங்க. இந்தத் தடையால என்ன நடந்துச்சுன்னு எனக்கே புரியல. நீங்களே வேண்டாம்னா நான் ஏன் பிடிச்சுத் தொங்கணும்? இப்ப சொந்தக்காரங்களப் பாக்கப்போற விமானத்தையும் நிறுத்தணும்னு டோன் அபெலார்தோ ஆளுங்க மனு குடுத்திருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

ஓரமாக டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்களின் கட்டைச் சத்தம் நின்றது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அபெலார்தோவும் பார்த்தார். நிறுத்த வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், 'விமானத்த நிறுத்தினா உனக்கென்ன நோவு?' என்று ஒருத்தன் கேட்பான். அப்புறம் அந்தப் பார்சல் கடைக்கு வந்ததுபோல ஒரு விடியற்காலை. தன்னைச் சோதிக்க அபெலார்தோதான் இப்படிக் கேட்கச் சொன்னாரோ என்றும் அவளுக்குத் தோன்றியது.

"விமானமா? முதல்ல அத நிறுத்துங்க சார்!" என்று கத்தினாள்.

கைதட்டல் தெருவை அடைத்தது. முதலில் தட்டியவர் அபெலார்தோ. வந்தவரும், வேலை சுலபமாக முடிந்த நிம்மதியோடு, அப்படியே செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஜெயித்தார். அவரும் அவரைப் போன்றவர்களும் சேர்ந்து விமானத்தை நிறுத்தியும் காட்டினார்கள்.

நிறுத்திய அன்று கூட்டம் குறைந்த நேரம் பார்த்து அபெலார்தோ ஜன்னலுக்கு வந்தார். மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

"நீ ஏன் அப்படிச் சொன்ன?" என்றார் மெதுவாக. "நிறுத்த வேண்டாம்னு நீ சொல்லுவன்னு நெனச்சேன். எங்கம்மா அங்க படுத்த படுக்கையா இருக்கா."

"மனு குடுத்தது நீங்க. என்னயக் கேக்கறீங்களா?"

"நீ என்னய விமான நிலையத்துல பாத்துட்டியே. நீ வெளிய சொல்லிட்டின்னா நான் என்ன ஆவேன்? அதான் என்மேல சந்தேகம் வராம இருக்க மனு குடுத்து முந்திக்கிட்டேன்."

"நானும் உங்களுக்குப் பயந்துதான்யா சொன்னேன், பாவி!"

அதற்குள் டொமினோ ஆட்கள் வந்துவிட்டார்கள். அபெலார்தோ சட்டென்று குரலை உயர்த்தி, "இனிமே ஒரு ஈகூடத் தாண்டாது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நாளில், ஜன்னலில் கூட்டம் நிறைந்திருந்த ஒரு காலையில், கடைப் போன் அடித்தது. எடுத்தாள். இரைச்சலுக்கு நடுவே நெல்சாவின் குரல், மூச்சு வாங்க வாங்க.

"அக்கா, வீட்டுக்கு அடிச்சேன், எடுக்கல. மாத்திரை தீந்துபோச்சு. எப்ப வர?"

ஜன்னலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். யாரென்று ஒருத்தன் கண்ணாலேயே கேட்டான்.

"தப்பான நம்பர்மா" என்று சொல்லி எனெய்தா போனை வைத்தாள்.