கடவுளுக்கு நாப்பது நாள்

என்ட மனுசன் பிறெடி துறைமுகத்தில கிரேன் ஓட்டுறவர். முப்பது வருசமா தவக்காலத்தில சிகரெட்டைத் தொடமாட்டார். ஈஸ்டர் பூசை முடிஞ்ச கையோட கொட்டாஞ்சேனைக் கோயில் வாசல்லயே ஒண்டைப் பத்தவைப்பார். கடவுளுக்கு நாப்பது நாள், எனக்கு ஒரு நாளும் இல்லை. நான் எவ்வளவு கெஞ்சியும் விடேல்லை.

இந்த வருசம் டொக்டர் சிகரெட்டை விடுறதுக்குக் கையில ஒட்டுற நிக்கொட்டின் பிளாஸ்டர் குடுத்தவர். சாம்பல் புதன்ல இருந்து ஒட்டினார். ஈஸ்டர் அண்டைக்கு, நாங்கள் அய்யே எண்டு கூப்பிடுற, கோயிலுக்கு முன்கடைச் சிங்களவர் வழக்கம்போல சிகரெட்டை நீட்ட, இவர் சேர்ட் கையைச் சுருட்டிப் பிளாஸ்டரைக் காட்டினார்.

"தவக்காலம் முடிஞ்சுதே," எண்டு நக்கலாச் சொன்னன்.

"ஆண்டவருக்கு முடிஞ்சுது. இனி உமக்கு, மேபல்."

வீடு வந்து சேருமட்டும் அவரை ஏசிக்கொண்டே வந்தன். முப்பது வருசக் கோவத்தை வேற எங்க கொண்டுபோய் வைக்கிறது?